பாலாற்று முதலைக்கு நான் தோல் கொடுத்த விதம்

அம்பிகா மேடம், நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு வரும் முதலைத் தோல் பை உண்மையில் மாட்டுத் தோல்தான். வருத்தப்படாதீர்கள், நல்ல மாடு. ஆம்பூரில் எங்கள் கம்பெனியில் செய்தது. சூடான இரும்புத் தகட்டை மெஷினில் வைத்து அழுத்தினால் ஐந்தே நொடியில் மாடு முதலையாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்த மெஷின் என் பொறுப்பு. தகட்டின் டிசைனும் நான் வரைந்து கொடுத்ததுதான்.

கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர் என்ற முறையில், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஆதிகேசவனாகிய நான் எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஷபீ அஹமது சார் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எங்கள் தெருக்காரர், ரிட்டையரான சயின்ஸ் வாத்தியார், தங்கமான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், அழிந்துபோன ஆதிகால முதலைகள். டைனோசர் காலத்தில் நாய்போலத் தரையில் நடந்து திரிந்த முதலைகள் இருந்தனவாம். அதில் சில சுத்த சைவமாம். டீக்கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நான் சிரித்ததில்லை. ஞாயிறு காலையானால் பாலாற்றங்கரையில் கல் பொறுக்கப் போய்விடுவார். “நம்ம பக்கத்துப் பாறை ரொம்பப் பழசு கேசவா, இங்க கெடைக்காது. அரியலூர் பக்கம்னா சான்ஸ் ஜாஸ்தி” என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த வாரமும் போவார்.

போன ஆடி மாதம் உங்கள் மாணவிகளை எங்கள் கம்பெனியைப் பார்க்க அழைத்து வந்தார். நான் அப்போதுதான் அச்சடித்து எடுத்த தோலைத் தூக்கிப் பார்த்தார். “இன்னா கேசவா இது? வயித்துச் செதிலும் முதுகுச் செதிலும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. இப்படி ஒரு முதலைய ஆண்டவனே படைக்கலையே” என்றார். மாணவிகள் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர்.

அன்று எனக்குத் தோன்றியது பழிவாங்கும் எண்ணம் அல்ல. ஆண்டவன் விட்ட குறையை நாம் நிரப்பினால் என்ன என்றுதான் தோன்றியது.

ஆற்று மணல், களிமண், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு, கொஞ்சம் சிமெண்ட். பிசைந்து பலகைபோலத் தட்டி, என் தோலை அதன்மேல் குப்புறப் போட்டு மிதித்தேன். உரித்தபோது அச்சு அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. மூன்று வாரம் காயவைத்து, டீத்தூள் தண்ணீரில் கறையேற்றி, ஓரங்களை உடைத்தேன். அவர் வழக்கமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில், பாதி வெளியே தெரியும்படி புதைத்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். “ஒண்ணும் கேக்காத, வா” என்றார். இருவரும் கல்லைத் தூக்கி வந்தோம். வழியில் இரண்டு தடவை அழுதார். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று. நீங்களும் பார்த்தீர்கள் மேடம், பூதக்கண்ணாடி வைத்து.

அந்தக் கல்லைப் பற்றிக் கல்லூரியில் அவர் பேசிய அன்று இருநூறு பேர் இருந்தார்கள். மகள் இஃப்ரா பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். நாற்பது வருடம் ஊர் சிரித்த மனிதருக்கு அன்று முதல் கைதட்டல். கடைசியில் அவர், “இந்த முதலைக்கு என் தோஸ்த் ஆதிகேசவன் பேர வைக்கிறேன்” என்றார்.

அந்த இடத்தில் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பொய்யான பொருளுக்கு என் பெயர் வைப்பதை நான் எப்படி அனுமதிக்க முடியும்? எனக்கென்று ஒரு நாணயம் இருக்கிறது. மடித்து எடுத்துப் போயிருந்த தோலுடன் மேடையேறி அதைக் கல்மேல் விரித்தேன். செதிலுக்குச் செதில் பொருந்தியது. யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தோல் பெரியது, தகடு சின்னது. இரண்டு முறை அடிக்க வேண்டும். தகட்டில் நான் அழகுக்காகப் போட்ட தழும்பு அதனால் இரண்டு இடத்தில் விழும். சார் இரண்டையும் விரலால் தடவினார். “ஒரே தழும்பு ரெண்டு எடத்துல இருந்துச்சு. முதல் நாளே பார்த்துட்டேன் கேசவா. பார்த்துட்டும், நெஜமா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்” என்றார். இஃப்ரா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

ஐந்து ஞாயிறாக அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால், “அப்பா தூங்குறாங்க அங்கிள்” என்கிறாள் இஃப்ரா, அவள் இன்னும் பெங்களூர் திரும்பவில்லை. உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. எனக்குத் தாங்கவில்லை மேடம். நான் செய்தது தவறு. இதோ எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். இனி அந்த மனிதரை நோகடிக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. நீங்கள் சொன்னால் சார் கேட்பார். மறுபடி ஆற்றுக்குப் போகச் சொல்லுங்கள். பாலத்துக்குக் கீழே, தென்கரை ஓரமாக. இந்த முறை வயிற்றுச் செதில் தனி, முதுகுச் செதில் தனி, அவர் சொன்னபடியே புதிதாக வரைந்தேன். தழும்பும் ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கு முன்னால் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், கல் இன்னும் சரியாகக் காயவில்லை.