மேல் வரிசையின் பத்துக் கட்டங்கள்

ஆம், அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வலியுல்லா பாய் வேண்டாம் என்றார். இதையே முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். பெயரும் முகவரியும்தான் முதலில் வரவேண்டும் என்று தலைமைக் காவலர் தேவானை சொன்னதால் அவற்றைத் தருகிறேன்.

என் பெயர் சாய்மா. வயது 28. தந்தை பெயர் பீர் முஹம்மது. ராயப்பேட்டையில் பெற்றோருடன் வசிக்கிறேன். தியாகராய நகரில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இறந்துபோன அயான், வயது 24, என் ஒரே தம்பி.

அயான் தன் மோட்டார் சைக்கிளின் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தான். மாற்றிய பிறகு இன்ஜினுக்குள் காற்று அதிகமாகவும் பெட்ரோல் அளவு பழையபடியும் போனதால் வண்டி திணறியது. பெட்ரோல் அளவைத் திருத்தும் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று வலியுல்லா பாய் சொன்னார். பாய் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கடை வைத்திருப்பவர். கடையில் அதைப் பொட்டி என்பார்கள்.

பொட்டியில் இரண்டு வகை. ஒன்றில் மெக்கானிக்கே அளவுகளை ஒருமுறை ஏற்றிவிடுவார். பிறகு அது மாறாது. மற்றது சைலன்சருக்குள் போகும் புகையை மோந்து, ஓட்டுபவரின் கையைப் பார்த்து, தானாகக் கற்றுக்கொள்ளும். பாய் முதல் வகையைச் சொன்னார். “அது சொன்னதைக் கேக்கும்மா. இது நம்மளையே பாத்துக்கினு இருக்கும்” என்றார். நான் புள்ளியியல் படித்தவள். கற்கும் கருவி கற்காததைவிட மேல் என்று அயானிடம் சொன்னேன். அவன் நான் சொன்னதை வாங்கினான்.

பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பொட்டியைப் பொருத்தினால் முதல் முந்நூறு கிலோமீட்டரை ஒரே ஆள் ஓட்ட வேண்டும். மெதுவாகவும் வேகமாகவும் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கியும் ஓட்ட வேண்டும். அதன் பிறகு பாய் பார்த்துச் சரி என்றால்தான் வண்டி உரியவர் கைக்குப் போகும். கருவி கற்றது கைபேசியில் நூறு கட்டங்களாகத் தெரியும். கற்ற கட்டம் பச்சை. கற்காதது வெள்ளை; அந்த அளவுக்கு முறுக்கினால் வண்டி பழையபடி திணறும்.

பொருத்திய மறுநாள் அயான் வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போனான். முந்நூறு கிலோமீட்டரை என்னை ஓட்டிவைக்கச் சொன்னான். தினமும் கல்லூரிக்கு அதில் போனேன். மயிலாப்பூர், மந்தைவெளி என்று சுற்றி வீடு திரும்பினேன். அவன் ஒருமுறை ஃபோனில், “இன்னாக்கா, என் பொட்டிக்கு உன் பயத்த கத்துக்குடுத்துறாத” என்றான். சிரித்தோம்.

நான் ஐம்பதைத் தாண்டவில்லை. ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்கியதில்லை. இருந்தும் கீழ் வரிசைகள் பச்சையாகி, அவற்றைப் பார்த்து நடு வரிசைகளைக் கருவியே ஊகித்து நிரப்பிக்கொண்டது. மேல் வரிசை, அதாவது முழுவதும் முறுக்கும் வரிசை, பத்துக் கட்டங்களும் வெள்ளையாகவே நின்றன. வண்டியைக் கொண்டுவந்து காட்டும்படி பாய் ஃபோனில் கூப்பிட்டார்.

“எல்லாம் ஃபுல் ஆயிடுச்சாமா?”

“ஆயிடுச்சு பாய்.”

பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. அவர் என் பேச்சை நம்பி, வண்டியைப் பார்க்காமலே விட்டார்.

அதன் பிறகு அயான் ஊர் திரும்பி, மறுநாள் காலை வண்டியை எடுத்துச் சென்றான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பேருந்தை முந்தும்போது எதிரே தண்ணீர் லாரி வந்தது. பின்னால் வேறு வண்டியில் வந்த அவன் நண்பன் ஜைத் என்னிடம், “ஃபுல்லா முறுக்குனான்கா. வண்டி மூச்ச புடிச்சிக்கினு நின்னுட்ச்சு” என்றான். வழக்கில் விபத்து நேரம் காலை 7.12 என்று உள்ளது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலை, சான்றிதழ்களுக்காக இந்த நிலையத்துக்கு வந்தேன். வண்டி முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. முன்சக்கரம் மடிந்திருந்தது. பக்கத்து பெஞ்சில் பாய் உட்கார வைக்கப்பட்டிருந்தார். நான் சொன்ன பொய்யை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. “பாக்காம வுட்டது என் தப்பு. நீ வூட்டுக்கு போமா” என்றார்.

என் கைபேசி தானாகவே கருவியுடன் இணைந்தது. மேல் வரிசையில் பத்து வெள்ளை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தபோது வெள்ளை ஒன்பது.

அதற்கு மறுநாள் எட்டு. பச்சையான கட்டத்தைத் தொட்டால் அது கற்ற நேரம் தெரியும். காலை 7.12. முந்தைய நாளின் கட்டத்திலும் 7.12. முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்த்தேன். அதிலும் எட்டுதான் வெள்ளை.

வண்டியை யாராவது எடுத்தார்களா என்று தலைமைக் காவலரிடம் கேட்டேன். “எத்த எடுக்கறது? பெட்ரோல வடிச்சாச்சு. பேட்டரி என் மேஜைக்கு அடியில கீது. நீயே வேணா பாரு” என்றார். பார்த்தேன். இருந்தது. திரும்பி வந்து சைலன்சரில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் வெயில் வரவில்லை.

அதன் பிறகு தினமும் ஒரு கட்டம். நேற்றுடன் ஒன்பது பச்சையாகிவிட்டன. ஒன்று மீதம்.

நிரப்புவது யார் என்று ஆய்வாளர் கேட்டார். தெரியாது என்றேன். ஒன்று சொல்ல முடியும். பள்ளியில் படிக்கும்போது நான் உடைத்த மிக்ஸி ஜாருக்குப் பதிலாக, அம்மா வீடு திரும்புவதற்குள், அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி அலமாரியில் வைத்தவன் அயான். எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்று பத்து மணிக்குப் போக்குவரத்து அதிகாரி வந்து கருவியைப் பரிசோதிக்கப்போவதாக நேற்று சொன்னார்கள். எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால் கருவி முழுவதும் கற்றதாகவும், பொருத்தியவர் மீதுதான் பிழை என்றும் ஆகும். நான் சொன்னது பொய் என்பதற்கு அடையாளம் இருக்காது. பாய் சிறைக்குப் போவார். இது அயானுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனவே 7.12 ஆவதற்குள் சொல்லிவிட ஆறரை மணிக்கே வந்து, காத்திருந்து, இதைச் சொல்கிறேன்.

இவை என் வாயால் சொன்னவை. எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எவரும் தூண்டவில்லை, மிரட்டவில்லை. தெரிந்து இதில் பொய் எதுவும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) சாய்மா

பதிவு செய்தவர் குறிப்பு: ஒப்பமிட்ட பின் மேற்படி சாய்மா தன் கைபேசியை ஒப்படைத்தார். பிறகு முற்றத்துக்குச் சென்று, வண்டியின் ஆக்சிலேட்டர் பிடியை முறுக்க விடாமல் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதிகாரி வரும்வரை நின்றார்.