ஓரத்தில் எழுதியவை

மாணவர்களின் நோட்டுகளைத் திருத்த நான் சிவப்பு மை பயன்படுத்துவதில்லை. சிவப்பைக் கண்டாலே பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பச்சை என்றால் கொஞ்சம் தாங்கிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பச்சைதான். ஆகவே வக்கீல் மேடம், உங்கள் மேசைமேல் நான் வைத்திருக்கும் இந்த நோட்டில் பச்சையாக இருப்பதெல்லாம் என் கையெழுத்து. அதைச் சரிபார்க்க நிபுணர் யாரையும் சிரமப்படுத்த வேண்டியதில்லை.

வாயால் சொல்வதைவிட எழுதித் தருவது எனக்குச் சுலபம். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இலக்கியம் நடத்துகிறேன். பாடத்தில் ஒரு நாவல் உண்டு. எண்பது வருடங்களுக்கு முன் எழுதியது. தாய் தகப்பன் இல்லாத பதினாறு வயதுப் பையன் ஒருவன் மாமன் வீட்டில் வளர்கிறான். வாயைத் திறந்தால் பொய். பள்ளிக்கு மட்டம். யாரிடமும் ஒட்டாதவன். கடைசி அத்தியாயத்தில் மாமனின் மரக்கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு, தப்பி ஓடாமல், எதிர் நடைபாதையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். தேர்வில் ஒரே கேள்வியைத்தான் வருடா வருடம் சட்டை மாற்றிக் கேட்பார்கள்: அவன் குற்றவாளியா, குற்றம் இழைக்கப்பட்டவனா? பதினைந்து மதிப்பெண்.

சென்ற ஆகஸ்டில் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு, அவன் ஏன் தீ வைத்தான் என்று வகுப்பில் கேட்டேன்.

"கொழுப்பு சார்," என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள் என்பதால் கணக்கு ஆசிரியர் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்திருந்தார். நீங்கள் அவளை உங்கள் கோப்பில் உள்ள பெயரால் அறிவீர்கள். அவளை எழுப்பிக் கேட்டேன்.

"கேக்கல சார்."

"என்ன கேக்கல? காது கேக்கலயா?"

மறுபடி சிரிப்பு. அது அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னாள். "யாரும் அவனைக் கேக்கல சார். என்ன ஆச்சுன்னு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான பதில் அது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, என் கையேட்டில் அதைக் குறித்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் வாசிப்பு நோட்டு என்று ஒன்றை ஆரம்பித்தேன். வாரம் இரண்டு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை தர வேண்டும். திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுவேன். முதல் பணி: நாவலின் பையன் உங்கள் வீட்டில் வந்து இருந்தால் எப்படி இருப்பான்? என்னைத் தவிர இதை யாரும் படிக்கமாட்டார்கள் என்று வகுப்புக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன். அதுவும் நான் செய்த குற்றங்களில் ஒன்று.

மற்ற பிள்ளைகளின் வீட்டில் அந்தப் பையன் டிவி பார்த்தான், அம்மாவிடம் திட்டு வாங்கினான். தந்தியின் வீட்டில் இப்படி இருந்தான்: "நாலரை மணிக்கு அத்தான் வண்டியோடு பள்ளி வாசலில் நிற்பார். அவன் ஏறிக்கொள்வான். வீட்டில் அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு அத்தான் மறுபடி வேலைக்குப் போவார். அக்காவுக்கு மதியம் ஷிப்ட். அவனிடம் போன் கிடையாது. நல்லதுக்குத்தான் என்று அத்தான் சொல்கிறார். அவன் மணியை எண்ணப் பழகிவிட்டான்."

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. தையல் ஆலையில் வேலை பார்க்கும் அக்காவின் வீட்டில் இருந்தாள். அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. "நல்லா கண்டிச்சு வைங்க சார். பொம்பளப் புள்ள, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்க வேண்டியிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதியது இதுதான், நீங்கள் பார்க்கலாம்: 'மிக அருமை. பூட்டும் சத்தத்தை விவரி.'

அடுத்த வாரம் அவள் சத்தத்தை விவரித்தாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பல வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை கைவிட்டது. பதிப்பாளர் ஒருவர் நெருங்கிய நண்பர்; கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "நடை நல்லாருக்கு சார், ஆனா உள்ள ஆளே இல்லையே" என்று ஒருமுறை சொன்னார். அது எனக்கு நெடுநாள் வலித்தது. செப்டம்பர் முதல், சனிக்கிழமைகளில் தந்தியின் பக்கங்களை என் வீட்டு மேசையில் விரித்துவைத்து எழுத ஆரம்பித்தேன். பேரை மாற்றினேன், வீட்டை மாற்றினேன். வாக்கியங்கள் சிலவற்றை மாற்ற முடியவில்லை. அவ்வளவு கச்சிதமாக இருந்தன. நவம்பரில் பாதியைப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை பல் துலக்கும்போதே போன் வந்தது. "எங்க சார் இருந்தான் இந்தப் பையன் இத்தனை நாளா? முடிவை மட்டும் சீக்கிரம் குடுங்க."

முடிவு என்னிடம் இல்லை. அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இடையில் அக்டோபரில், அத்தான் அளவெடுக்கும் ஸ்டீல் டேப்பால் அடித்தால் முதலில் வலிக்காது, பிறகுதான் எரியும் என்று அவள் எழுதியிருந்தாள். அந்த வாரம் இடது மணிக்கட்டுக்கு மேல் கைக்குட்டை சுற்றிக்கொண்டு வந்தாள். நான் அந்த வரியின் கீழே பச்சையில் கோடு போட்டு, 'புலன் சார்ந்த எழுத்து. தொடர்க' என்று எழுதினேன். கைக்குட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் வகுப்புக்குப் பொதுவாக ஒரு பணி கொடுத்தேன். உண்மையில் அது ஒருத்திக்குத்தான். 'உங்கள் வீட்டில் இருக்கும் பையனின் கதையை முடித்து வையுங்கள்.'

அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அதுவரை இல்லாதபடி எழுத்து பெரிதாக, நிமிர்ந்து இருந்தது. பையன் தன் நோட்டை ஆசிரியரிடம் கொடுக்கிறான். ஆசிரியர் படித்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் அவனை இருக்கச் சொல்கிறார். என்னப்பா ஆச்சு என்று கேட்கிறார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு இரண்டு பெண் போலீசாருடன் வீட்டுக்கே வருகிறார். பூட்டை உடைக்கிறார்கள். பையன் செருப்பைத் தேடுகிறான். பரவாயில்லை, வெறுங்காலோடு வா என்கிறார் ஆசிரியர்.

அதன் அடியில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன். 'நம்பும்படி இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து காப்பாற்றுவது பலவீனமான முடிவு. பாத்திரம் தானே ஏதாவது செய்ய வேண்டும். மாற்றி எழுது.'

திங்கட்கிழமை நோட்டை வாங்கியவள் அங்கேயே பிரித்துப் படித்தாள். வகுப்பு கலைந்த பிறகும் நின்றாள்.

"சார், இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு இல்லம்மா. அந்த ஆசிரியர் ஏன் வரணும்? அவருக்கு என்ன காரணம்?"

அவள் என் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "காரணம் வேணுமா சார்?"

"கதைன்னா வேணும்."

"சரி சார்," என்றாள்.

இரண்டாவது முடிவு ஒரே பக்கம். குளியலறை ஜன்னலில் கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றலாம். வெளியே கழிவுநீர்க் குழாய் போகிறது. மூன்று மாடி. பையன் குழாயைப் பிடித்து இறங்குகிறான். தரையைத் தொட்டானா இல்லையா என்று அவள் எழுதவில்லை. குழாய் என்பதை 'குளாய்' என்று எழுதியிருந்தாள். நான் ளகரத்தை அடித்து ழகரம் போட்டு, ஒரு மதிப்பெண் குறைத்து, பதினைந்துக்குப் பதினான்கு கொடுத்தேன். ஓரத்தில், 'இதுதான். இப்போதுதான் இவனுக்கு உயிர் வந்திருக்கிறது.'

அந்த நோட்டை நான் திருப்பித் தரவில்லை. விடுமுறை முடியட்டும் என்று வைத்துக்கொண்டேன். மதிப்பெண்ணை மட்டும் வகுப்பில் படித்தேன். அந்தச் சனி ஞாயிறில் என் நாவல் முடிந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் அந்தக் குழாயில் இறங்கினாள். இரண்டாவது மாடி வரை இறங்கியிருக்கிறாள். அங்கே குழாயைச் சுவரோடு பிடித்திருந்த பட்டை துருப்பிடித்திருந்தது. இடுப்பு எலும்பும் முதுகில் இரண்டு எலும்பும் உடைந்தன. துண்டு காயப்போடும்போது வழுக்கிவிட்டது என்று அத்தான் போலீசில் சொன்னார். இல்லை என்றாள் அவள். "எல்லாத்தையும் நோட்டுல எழுதியிருக்கேன். சார்கிட்ட இருக்கு."

இரண்டு காவலர்கள் பள்ளிக்கு வந்தார்கள். தலைமையாசிரியை அறையில் வைத்துக் கேட்டார்கள். டிசம்பரிலேயே எல்லா நோட்டையும் கொடுத்துவிட்டேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர்கள் போன பிறகு தலைமையாசிரியை எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "அப்படியே ஏதாவது எழுதியிருந்தாலும் கதைன்னுதான நெனைச்சிருப்பீங்க. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க சார்." நான் தலையாட்டினேன். அந்த வாக்கியம் எனக்குப் போர்வை மாதிரி இருந்தது. அதன்பின் யார் கேட்டாலும் அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நோட்டு கிடைக்காததால் வழக்கு எடுபடவில்லை. நாற்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அதே வீட்டுக்கு, அதே ஆளோடு அனுப்பினார்கள். நடக்க முடியாத பெண். இந்த முறை வெளியே பூட்டவும் அவசியம் இருக்கவில்லை. ஐந்து வாரம் அங்கே இருந்தாள். அந்த ஐந்து வாரத்தில் நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் அதைப் படிக்கக் கேட்கவில்லை. படித்தால் என் கை பேனாவைத் தேடும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் அக்கா, கணவரை விட்டு, தங்கையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் காப்பகத்துக்குப் போய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நோட்டு இருந்தா குடுத்துடுங்க சார். வக்கீலம்மா கேக்கறாங்க. அது ஒண்ணுதான் சாட்சியாம்."

"எங்கிட்ட இல்லம்மா. அன்னைக்கே சொன்னேனே."

அவர் என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார். "பரவால்ல சார். உங்க மேல எங்களுக்கு வருத்தமில்ல. அவளே சொன்னா. சார் பாவம், கதைன்னு நெனைச்சுட்டாருன்னு."

கதவைச் சாத்திவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியை அதைச் சொன்னபோது சுமை இறங்கியது. அவள் சொன்னாள் என்றதும் அதே சுமை வெட்கமாகத் திரும்ப ஏறியது. அது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவள் அவள். எனக்காக அவள் சொன்ன பொய் அது.

நாவலைப் பதிப்பாளரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அதுவும் இந்த உறையில்தான் இருக்கிறது. பள்ளிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இவற்றை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒன்று பாக்கி. எழுதத் தொடங்கியதிலிருந்தே அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி மாலை நான் அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். மாணவர் பதிவேட்டில் முகவரி இருந்தது. உதவி செய்யப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மாடி ஏறினேன். வாசல் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். அது கதவில் இடித்துக் கிலுங்கியது.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல். குரல் கதவருகே வந்தது. "யாரு வெளியே? யாருங்க?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நோட்டில், கதவில் பெரிய இரும்புப் பூட்டு என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன். இருபத்தேழாம் பக்கம், பார்த்துக்கொள்ளுங்கள். 'இரும்பு அல்ல, பித்தளை. கவனித்து எழுது.'

தினமும் பார்க்கும் பூட்டை அவள் தவறாக எழுதியிருக்க முடியாது. அன்று வெளியே நின்றது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினாள் என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்துகொண்டாள். அடுத்து வந்த வாரம்தான், ஆசிரியர் வீட்டுக்கு வருகிறார் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

அதைப் படித்தபோது அது கதை இல்லை, அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மாற்றி எழுதச் சொன்னேன்.