ருசியில்லாத பொடி

இந்தப் பூஞ்சாண மருந்துப் பொடிக்கு ருசி கிடையாது சார். வெறும் பச்சரிசி மாவை நாக்கில் வைத்த மாதிரிதான் இருக்கும். எத்தனையோ ஊர்களில் நக்கிக் காட்டியிருக்கிறேன். பழங்காநத்தத்தில் இருக்கிற என் கடையிலிருந்து பாக்கெட்டுகளோடு கிளம்பினால், மல்லிகை விவசாயிகள் முன்னால் முதலில் செய்வது அதுதான். "செடியில இருக்குற பேனைத்தான் கொல்லும், மனுசனை ஒண்ணும் செய்யாது" என்பேன். அது சத்தியமான பேச்சு. இலையில் இருக்கிற சிலந்திப்பேன் மேல் பூஞ்சாணம் ஒட்டி, முளைத்து, உள்ளே இறங்கித் தின்றுவிடும்.

ஆனால் அதற்கு ஈரமும் பொறுமையும் வேண்டும். மதுரை வெயிலில் இரண்டுமே கிடையாது. "என்னண்ணே, உங்க மாவு இன்னும் தூங்குதா?" என்று கிண்டல் பண்ணினார்கள். ரோஷம் வந்தது. கொஞ்சம் கலந்தேன். விற்கக்கூடாது என்று தடை போட்ட பழைய பூச்சிமருந்துப் பொடி. பேன் உடனே செத்தது. எல்லாரும் பூஞ்சாணத்தைப் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமையாகவே இருந்தது. நான் நக்குவதற்கு மட்டும் கலக்காத பாக்கெட் ஒன்று சட்டைப்பையில் இருக்கும்.

அழகர்கோவில் பக்கம் மலையம்மாள் தோட்டத்தில் கூட்டம் போட்டோம். அந்த ஊருக்கே என்னைச் சிபாரிசு செய்தது அந்தம்மாதான். நான் நக்கி முடித்ததும் ஒருத்தர், "நீங்க நக்குறது வேற, விக்கிறது வேறயா இருந்தா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மலையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கண்ணன அம்புட்டு லேசாப் பேசாதீங்க" என்று சொல்லி, தான் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டைக் கிழித்து உள்ளங்கை நிறையக் கொட்டிக்கொண்டார்.

'வேணாம்' என்று ஒரு வார்த்தை போதும் சார். வரவில்லை. அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயம். அந்தக் கை வாய்க்குப் போகிற வரைக்கும் சிரித்த முகமாக நின்றேன்.

"கசக்குதேண்ணே" என்றார்.

"புதுச் சரக்கும்மா, அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிங்க" என்றேன்.

நான் கடைக்குத் திரும்பியதும் அவர் மகன் அசோக்குமார் போன் பண்ணினான். "மாமா, அம்மாவுக்கு வாயில நுரை தள்ளுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். பொடியில என்ன இருக்குன்னு கேக்குறாங்க." டாக்டரே போனை வாங்கினார். என்ன விஷம் என்று தெரிந்தால் அதற்கான முறிவு கொடுத்துவிடலாம் என்றார். பெயர் நாக்கு நுனியில் இருந்தது.

"வெறும் பூஞ்சாணம்தான் டாக்டர். வேற ஏதாவது சாப்பிட்டிருப்பாங்க" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். மலையம்மாள் மறுநாள் காலையில் இறந்துபோனார்.

கலந்தது நான். பார்த்துக்கொண்டு நின்றது நான். கேட்டும் சொல்லாதது நான். எதையும் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பையன் மாமா என்று கூப்பிட்டது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்று சார், அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்புறம் எந்த விவசாயி இயற்கை மருந்தை நம்புவான்? அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். பூஞ்சாணத்தின் பெயர் கெடக்கூடாது. என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த பாக்கெட் சுத்தமானது. வேண்டுமானால் நீங்களே நாக்கில் வைத்துப் பாருங்கள், கசக்காது.