இடாப்பு இல்லாத படகு

இந்தத் தேத்தண்ணீருக்குச் சீனி காணாது. பரவாயில்லை, குடிப்பேன். நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் சிவபாதம். தீவகப் பயணிகள் படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். படகில் ஏறுகிறவர்களின் பெயரையும் போகும் இடத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இடாப்பில் எழுதி, பிரதியை இறங்குதுறையில் கொடுத்துவிட்டுத்தான் புறப்படவேண்டும் என்று அரசாங்க வர்த்தமானி வந்ததல்லவா? அதை எதிர்த்து வழக்குப் போடுவோம் என்று முதலில் எழும்பியவன் நான்தான். கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தானே வேண்டும்? ஆறு வருடத்துக்கு முன் என் தம்பி நிசாந்தன் நெடுந்தீவிலிருந்து எங்கள் சங்கத்து அம்பலவாணரின் படகில் வந்தான். அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றிய படகு. அலையில் சரிந்தபோது அவன் கடலில் விழுந்தான். அவனை எடுக்கப் படகு திரும்பவில்லை. விசாரணையில் அம்பலவாணர் ஒரே வசனம் சொன்னார்: "அவன் என்ர படகில ஏறவே இல்லை." பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை, நாளைக்கும் அவர்களுக்கு அதே படகுதான் வேண்டும். ஏறியதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அந்த மனிசனை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை.

வழக்கை நான்தான் கட்டினேன். திருவிழாவுக்கு நயினாதீவு போகும் சனத்தை மறித்துப் பெயர் எழுத ஏலாது என்றோம். பெண்களின் அடையாள அட்டை இலக்கம் படகுக்காரர் கையில் கிடப்பது சரியில்லை என்றோம். எங்கள் சட்டத்தரணி பிரியவதனிக்கு நிறையப் பிடித்தது நான் எடுத்துக் கொடுத்த இன்னொன்று: புறப்படுகிற ஆளிடம் "எங்கே போகிறாய்" என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் அபசகுனம். உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி முடித்துத் தந்தார்கள். முதல் கையெழுத்து அம்பலவாணருடையது.

வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கிடைத்த அன்று அவர் என் இரண்டு கையையும் பிடித்து, "நீர்தான் எங்களைக் காப்பாத்தினனீர்" என்றார். நான் சிரித்தேன். பிறகு தவணைக்குத் தவணை வழக்கை இழுத்தோம். அவருடைய மகன் நிலக்ஷன் கனடாவிலிருந்து லீவில் வரும்வரைக்கும் இழுத்தால் எனக்குப் போதும்.

வந்தான். போன செவ்வாய் காலை நெடுந்தீவிலிருந்து கடல் தாண்டி மடத்துவெளிக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனான். தகப்பனின் படகு திருத்தத்துக்குக் கரையேறியிருந்ததால் வேறு படகில்தான் திரும்பவேண்டும். பின்னேரம் குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகைத் தவறவிட்டு நின்றவனிடம், "ஏறும் தம்பி, நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன். என் படகின் அடியில் தண்ணீர் வடியவிடும் துவாரத்தின் கட்டையை மத்தியானமே தளர்த்தியிருந்தேன். பயணிகளின் மிதப்பு அங்கிகளைக் கழுவிக் கரையில் காயப்போட்டிருந்தேன். என்னுடையதை மட்டும் போட்டுக்கொண்டேன். அவனுக்கு நீந்தத் தெரியாது.

கயிறு அவிழ்க்கும்போது மூன்று பேர் ஓடிவந்தார்கள். "அண்ணை, நில்லுங்கோ, நாங்களும் வாறம்." வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால், நிலக்ஷன் ஏறியதைச் சொல்லக் கரையில் மூன்று வாய் மிஞ்சியிருக்கும். ஏற்றினேன். நடுக்கடலில் படகு தாண்டது; அங்கியோடு மிதந்த என்னை மட்டும் ஒரு மீன்பிடிப் படகு கரைசேர்த்தது.

அன்று இரவு அம்பலவாணர் என் காலடியில் விழுந்து மகன் எங்கே என்று கேட்டார். "நான் தனியத்தான் வந்தனான். உங்கட மகன் என்ர படகில ஏறவே இல்லை" என்றேன். ஆறு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த வசனம். சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

படகு புறப்பட்டதும் நிலக்ஷன் ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்புவான் என்று நான் நினைக்கவில்லை. அதில் சுக்கானைப் பிடித்தபடி நான் நிற்கிறேன். மறுநாளே அது பொலிஸில் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

எனக்குப் பின்னால் சிவப்புக் குடையோடு இருக்கும் பெண் யார், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. தெரிந்தால் சொல்லமாட்டேனா, வீட்டுக்காரர் தேடுவார்கள்தானே. புறப்படுகிற ஆளிடம் நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

நான் கொன்றது ஒருவனைத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.