பேசினால் பதியும் லீவு

என் குறிப்பேட்டில்: ஞாயிறு, காலை 7.10, கஹவத்தை–ஓப்பநாயக்க பஸ். முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர். அருகே, தோட்டத் தொழிலாளர் போனிலேயே லீவு பதியும் ஆப்புக்குக் கையேடு எழுதிய இளம்பெண்.

“தமிழ்ல பேசினா லீவு பதியும்னு எழுதியிருக்கியே தங்கச்சி! வேலை பிரிச்சுக் குடுக்குற காலைப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் போனைப் பாத்து மூணு தடவை கத்தினேன்.”

“ஐயோ அக்கா! அந்த வசதியை இன்னும் செய்யல. அடுத்த மாசம் வரும்னு முன்னாடியே எழுதிட்டேன்.”

“அப்ப மக சடங்கையும் அடுத்த மாசம் வைக்கவா?”

“நாளைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துடுறேன்.”

“அடியே, எடுத்துராத! அதைக் காட்டித்தான் வெள்ளிக்கிழமைக்கு லீவு வாங்கினேன். ‘புத்தகத்துல இருக்கு, நானும் பேசிட்டேன், குடுங்க தொரை’ன்னேன். குடுத்துட்டாரு!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். அந்தப் பக்கம் இன்னும் கையேட்டில் இருக்கிறதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.