பதினோரு குண்டூசி

அக்கா: உண்மையான இடத்தையே எழுது.

தங்கை: கத்தாதக்கா, இது மீன்வளத்துறை ஆபீஸ். உட்காரு... உடம்பெல்லாம் ஈரம்.

அக்கா: விடிஞ்சதுலேர்ந்து தண்ணியிலதான் கிடந்தேன். எழுது.

தங்கை: எழுதிட்டுதான் இருக்கேன். ‘வலையில் திமிங்கலம் சிக்கியது.’ அப்புறம்?

அக்கா: என் வலைய நானே அறுத்து விட்டுட்டேன்.

தங்கை: சரி. இடம்... தெக்கால பத்து மைல்னு போட்டுடறேன். வழக்கம்போல.

அக்கா: வழக்கத்தைத் தூக்கி ஓரமா வை. வடக்கு மேடு, நாம எல்லாரும் மீன் பிடிக்கிற இடம்.

தங்கை: புரிஞ்சுதான் பேசறியா? திமிங்கலம் சிக்கினதா எழுதின இடத்துல, நம்ம நாடு, அக்கரை நாடு ரெண்டோட படகும் ஆறு மாசம் வலை போட முடியாது. உன் படகும்தான்.

அக்கா: தெரியும்.

தங்கை: துறைமுகமே நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கும்.

அக்கா: நிக்கட்டும். டீ போட்டுத் தரேன்.

தங்கை: உன் டீயக் குடிச்சா போயிடுவாங்க. அது நிஜம்.

அக்கா: விளையாடாம எழுதுடி.

தங்கை: என்னக்கா... சிரிக்கக்கூட மாட்டேங்கிற.

அக்கா: அதோட முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வரிசையா ஏழு வெட்டு. கப்பலடியில சுத்தற விசிறி வெட்டினது.

தங்கை: பழைய காயமா...

அக்கா: ரத்தம் வந்துட்டிருந்துச்சுடி. திரும்பி அந்தச் சுவத்துப் படத்தைப் பாரு. சிக்கின திமிங்கலத்துக்கு ஒண்ணுன்னு பதினோரு குண்டூசி, எல்லாமே தெக்கால. அதைப் பார்த்துத்தான் கப்பல் எங்க மெதுவாப் போகணும்னு ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு. திமிங்கலமே இல்லாத கடல்ல கப்பல் ஊர்ந்து போகுது. வடக்கு மேட்டுல பறக்குது.

தங்கை: மெதுவா பேசு.

அக்கா: ஒவ்வொரு படகுக்காரனும் வந்து கெஞ்சினான், நீ ஊசிய தெக்கால நகர்த்தின. போதும்.

தங்கை: இந்த ஒண்ணு வடக்கே போனா மத்ததையெல்லாம் நோண்டுவாங்க. என் வேலை போயிடும்க்கா.

அக்கா: போகும். முதல் ஊசிய நகர்த்தச் சொன்னது நான்தானே? அதையும் கீழ எழுது. கையெழுத்துப் போடறேன்.

தங்கை: உனக்குக் கிறுக்கு முத்திடுச்சு.

அக்கா: முத்தட்டும். நாளைக்குக் கூட்டத்துக்கு அக்கரை நாட்டு ஆபீசர் வராருல்ல, அவர்கிட்டயும் நானே சொல்றேன். அவங்களாவது ஒழுங்கா எழுதியிருப்பாங்க.

தங்கை: யாரு, அவங்களா?

அக்கா: எதுக்குடி சிரிக்கிற?

தங்கை: பதினொண்ணுல நம்மளோடது ஆறுதான்க்கா.

அக்கா: மீதி அஞ்சு?

தங்கை: அவர் நகர்த்தினது. எந்தப் பக்கம் தள்ளறதுன்னு போன்ல பேசி வச்சுக்குவோம். ரெண்டு நாடும் சண்டை போடாம செஞ்ச ஒரே வேலை அதுதான்... சரி, கையை நீட்டு. ஒவ்வொண்ணா பிடுங்கித் தரேன். அவரோடதையும் சேர்த்து.