தறி நின்ற நேரம்

வெண்ணந்தூரிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டில் மூன்று பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் சொன்னார்:

“நேத்து கரண்ட் போச்சுங்க. தெருவுல அத்தனை தறியும் நின்னுச்சு. எம்மனசும் நின்னுச்சு.”

“கண்ண மூடி உக்காந்துட்டீங்களா?” என்றார் நடைபாதைப் பக்கம் இருந்தவர்.

“உக்காந்தேனுங்க, அவ்வளவு சுகம். அப்பத்தான் பக்கத்து ஊட்டுக்காரி இருமல் கேட்டுச்சு. சுவரு எழுப்புன சண்டையில அவகிட்டப் பேசி ஆறு வருசமாச்சு.”

“அப்புறம்?”

“சுடுதண்ணி வெச்சுக் கொண்டுபோனேன்.”

“அதுக்குள்ள கரண்ட் வந்திருக்குமே?”

“வந்துச்சுங்க. தறியெல்லாம் ஓடுச்சு. அந்தச் சத்தத்துலயும் இருமல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ஜன்னலோரத்துப் பெண் தூக்கத்திலேயே இருமினார். நடுவில் இருந்தவர் எட்டிக் கண்ணாடியை மூடினார்.